லூவினா பிடித்த ஆள்

ஹார்வி வேல், கரியாக்கு தீவு
9 மார்ச் 1964

அன்புத் தம்பி அன்செல்முக்கு,

அக்கா லூவினா எழுதுகிறேன். ஆண்டவன் தயவில் உடம்புக்குக் குறையில்லை. முழங்கால் மட்டும் மேடு ஏறும்போது முணுமுணுக்கிறது. இங்கிலாந்தில் குளிர் விட்டதா? மார்புச் சளிக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. வெள்ளிக்கிழமை நான் ஒரு ஆளைக் கைது செய்தேன்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்க நூல் வாங்கலாம் என்று ஹில்ஸ்பரோவுக்குப் போயிருந்தேன். படகுத்துறையில் 'மார்னிங் லைட்' கிரெனடாவுக்குப் புறப்படத் தயாராக நின்றது. ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடுகளுக்குப் பின்னால் ஒரு பசு. இடது காது கிழிந்த பசு. நம் டச்சஸ்! சோள அறுவடை முடிந்து மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கும் காலம்தானே, மேட்டுப்பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவன் யார் தெரியுமா? யூரியாஸ் ஃப்ளியரி. உன்னோடு கொய்யா திருடித் தின்றவன், அந்தப் படகில் வேலை பார்க்கிறானே, அவனேதான்.

"யூரியாஸ், இது யார் மாடு?"

"தெரிஞ்சவங்க மாடுதான்க்கா."

"தெரிஞ்சவங்களா? இது அன்செல்ம் மாடுடா. நான் வளத்த மாடு. எங்க கூட்டிட்டுப் போற?"

அவன் கடலைப் பார்த்தான். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். "ராணி பேர்ல உன்னைக் கைது பண்றேன்" என்றேன்.

மீன்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏய் லூவினா, புடிக்கிறதுதான் புடிக்கிற, நல்ல ஆம்பளையாப் பாத்துப் புடிக்கக் கூடாதா!" என்றாள் ஒருத்தி. ஆனால் மூட்டை தூக்கும் ஒருவன் சிரிக்கவில்லை. போன மாதம் அவன் ஆட்டை எவனோ கொண்டுபோய்விட்டானாம். துடுப்பை ஓங்கிக்கொண்டு யூரியாஸ் மேல் பாய்ந்தான். நான் குறுக்கே நின்றேன். "இவன் என் கைதி. இவன் மேல ஒரு அடி விழுந்துச்சு, உன்னையும் சேத்துப் புடிப்பேன்" என்றேன். துடுப்பு கீழே இறங்கியது.

போலீஸ் நிலையம் எதிரேதானே. யூரியாஸ் நினைத்திருந்தால் என் கையை உதறிவிட்டு ஓடியிருக்கலாம். கோயிலுக்கு வருகிறவன் மாதிரி கூடவே நடந்து வந்தான். கார்ப்பரல் பெடோ என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வாசலில் நின்ற பசுவையும் பார்த்தார்.

"யாரு கைது பண்ணது?"

"நான்தான்."

"மிஸ் லூவினா, சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு. கண்ணு முன்னாடி திருட்டு நடந்தா யாரு வேணா புடிக்கலாம். புடிச்ச கையோட எங்ககிட்ட ஒப்படைக்கணும். அதையும் செஞ்சிட்டீங்க. ஆனா ராணி பேரெல்லாம் இழுக்க வேண்டாம். எதுக்குப் புடிக்கிறோம்னு ஆளுகிட்ட சொன்னாப் போதும்."

"அடுத்த தடவ சொல்றேன்."

யூரியாஸிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். "நான் திருடல. அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜாமீனில் விட்டார்கள்.

நீதிபதி அடுத்த மாதம் கிரெனடாவிலிருந்து வருகிறார். மாட்டுக்குச் சொந்தக்காரன் நீ என்பதால், யாருக்கும் அதைக் கொண்டுபோக அனுமதி தரவில்லை என்று உன் கைப்பட ஒரு வரி வேண்டுமாம். உடனே எழுதி அனுப்பு. உன் சொத்தை உன் அக்கா எப்படிக் காக்கிறாள் பார்த்தாயா?

என்றும் உன் நலமே நினைக்கும்
லூவினா

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
6 ஏப்ரல் 1964

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்காலுக்கு ஓய்வு கொடு. மேட்டு நிலத்துக்கு நீயே ஏறிப் போகாதே, கூலிக்கு ஆள் வை. இங்கே போன வாரம்கூடப் பனி விழுந்தது. மில்லில் கம்பளித் தூசு அதிகம். எண்ணெயைத் தடவுகிறேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் பயந்துபோனேன். எங்கள் தொழிற்சங்கத்தில் ஹேக் என்று ஒரு பெரியவர், சட்டம் படித்தவர். அவரிடம் விசாரித்தேன். போலீஸ்காரர் என்றால் தக்க சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்தாலே போதுமாம். பிறகு அந்த ஆள் குற்றவாளி இல்லை என்று தெரிந்தாலும் போலீஸ்காரருக்குப் பாதகமில்லை. தனியாள் பிடித்தால் அப்படி இல்லை. திருட்டு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு பிடித்திருந்தாலும், பிடித்தவர்மேல்தான் தப்பு. பிடிபட்டவர் வழக்குப் போட்டு நிலம் வீடு வரைக்கும் இழுக்கலாம் என்கிறார்.

அக்கா, வம்பு எதற்கு? யூரியாஸ் நம் கூட வளர்ந்தவன். மாடுகளை அவிழ்த்துவிட்ட காலத்தில் ஏதோ குழப்பம் நேர்ந்திருக்கும். கார்ப்பரலிடம் சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். பசு பசுதான். உன் நிம்மதிதான் எனக்குப் பெரிது.

அன்புடன்
அன்செல்ம்

*

ஹார்வி வேல்
20 ஏப்ரல் 1964

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நேற்றுக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

சட்டமெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். ஹேக் அவர்களுக்கு என் நன்றி. திருட்டு நடந்திருந்தால் எனக்குப் பயமில்லை என்றுதானே அவர் சொல்கிறார்? நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு எனக்கு என்ன பயம்? நீ அந்த ஒரு வரியை மட்டும் எழுத மறந்துவிட்டாய். நீதிபதி வந்தார், உன் பதில் இல்லை என்றதும் ஜூலைக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லோர் முன்னாலும் எனக்கு அவமானமாகப் போயிற்று.

இப்போது ஊரில் என் பெயர் 'இன்ஸ்பெக்டர்'. ரொட்டிக் கடையில் நுழைந்தால், "கையத் தூக்குங்கப்பா, இன்ஸ்பெக்டர் வந்தாச்சு" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் யூரியாஸைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. 'மார்னிங் லைட்'டில் அவன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். திருட்டுக் கேஸில் இருப்பவனை நம்பி எவன் சரக்கு ஏற்றுவான் என்கிறார் கேப்டன்.

சனிக்கிழமை அவன் மனைவி ஈனா வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு சட்டி துவரையை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவர் திருடலன்னு எனக்குத் தெரியும். எதுக்கு மாட்டக் கூட்டிட்டுப் போனீங்கன்னு கேட்டா, ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்துட்டேங்கிறாரு."

"யாருக்காம்?"

"அதச் சொன்னா அப்புறம் அது வாக்கான்னு கேக்குறாரு. ஜெயிலுக்குப் போவீங்கய்யான்னேன். போறேங்கிறாரு. இப்படி ஒரு மனுசன வெச்சிக்கிட்டு நான் என்னக்கா பண்ணுவேன்?"

துவரையை எடுத்துக்கொண்டு சட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

தம்பி, ஒரே ஒரு வரி. 'நான் அனுமதி கொடுக்கவில்லை.' மூன்றே சொல். அடுத்த தபாலில் அனுப்பு.

அன்புள்ள அக்கா
லூவினா

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
25 மே 1964

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டேன். இப்போது தேவலை. பார்சலில் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிருக்கு வேண்டியிருக்காது, கோயிலுக்குப் போர்த்திக்கொண்டு போகலாம்.

இங்கே மரங்களெல்லாம் பூத்திருக்கின்றன. மில்லில் எனக்கு வேறு பிரிவுக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது, தூசு குறைவு. கூரைத் தகரம் மழைக்கு முன்னால் சரி பார்த்தாயா? மேற்கு மூலையில் ஆணி துருப்பிடித்திருக்கும். நான் வருவது இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆகாது போலிருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்செல்ம்

*

ஹார்வி வேல்
12 ஜூன் 1964

தம்பி,

காய்ச்சல் விட்டது குறித்துச் சந்தோஷம். சால்வை வந்தது. நல்ல நிறம். எனக்குச் சுகக் குறைவு ஒன்றும் இல்லை.

மழை வந்துவிட்டது. மாடுகளையெல்லாம் கட்டிவிட்டோம். டச்சஸ் வேலிப்பக்கம் நிற்கிறது. ஆணி மாற்றிவிட்டேன்.

சோளம் ஊன்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்தில் யூரியாஸ் கூலிக்கு மண் கொத்திக்கொண்டிருந்தான். படகில் நின்ற ஆள் மண்வெட்டி பிடிப்பதைப் பார்க்க எனக்கே என்னமோ போலிருந்தது. வேலி அருகே போனேன்.

"யூரியாஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா. பதில் சொல்லலன்னா தப்பா நெனக்காதீங்க."

"அன்செல்ம் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனியா?"

அவன் மண்வெட்டியை ஓங்கினான். இரண்டு கொத்துக் கொத்தினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் சோளம் நல்லா வரும்க்கா" என்றான்.

மழை பிடித்துக்கொண்டது, வந்துவிட்டேன்.

கோர்ட் ஜூலை பதினான்காம் தேதி. நீ சொன்னாயா, சொல்லவில்லையா? வேறொன்றும் எழுத வேண்டாம். உடம்பைப் பற்றிக்கூட எழுத வேண்டாம்.

லூவினா

*

ஹார்வி வேல்
16 ஜூலை 1964

அன்செல்ம்,

நலமாக இரு.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை தபால் படகு வரை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை உன் சால்வையைப் போர்த்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வெக்கையில் அது தேவையே இல்லை. ஆனாலும் உன் பொருள் ஒன்று என்மேல் இருக்கட்டும் என்று தோன்றியது.

நீதிமன்றம் நிறைந்திருந்தது. யூரியாஸ் கூண்டில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்.

"நீங்கதானேம்மா பிடிச்சது? திருட்டுன்னு இன்னைக்கும் சொல்றீங்களா?"

"இல்லீங்க ஐயா."

பின்னால் சலசலப்பு. கார்ப்பரல் பெடோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஏன் சொன்னீங்க?"

"அன்னைக்கு அப்படித்தான் நம்பினேன். ஐயா, மாட்டுக்குச் சொந்தக்காரன் என் தம்பி. மார்ச் மாசமே அவனுக்கு எழுதினேன், அனுமதி குடுக்கலன்னு ஒரு வரி போடுன்னு. பனி பெஞ்சத எழுதினான். காய்ச்சல் வந்தத எழுதினான். கூரைக்கு ஆணி அடிக்கச் சொல்லி எழுதினான். அந்த ஒரு வரி மட்டும் வரல. குடுக்கலன்னா மறு தபால்லயே எழுதியிருப்பான். என் தம்பி பொய் எழுத மாட்டான் ஐயா. அதனாலதான் எழுதாமலே இருக்கான்."

"மௌனத்த நான் சாட்சியா எடுத்துக்க முடியாதும்மா."

"நீங்க எடுத்துக்க வேண்டாம். எனக்கு அது போதும்."

சொந்தக்காரர் சாட்சி இல்லை, புகார் சொன்னவரும் நிற்கவில்லை, வழக்குத் தள்ளுபடி என்றார். யூரியாஸை இறங்கச் சொன்னார். பிறகு என்னை உட்காரச் சொல்லாமல் நிறுத்திவைத்தே, உன் ஹேக் சொன்னதையெல்லாம் அவரும் சொன்னார். போலீஸுக்குச் சந்தேகம் போதும், தனியாளுக்குப் போதாது. "உங்க மேல வழக்குப் போட இவருக்கு உரிமை இருக்கு. அத நீங்க தெரிஞ்சிருக்கணும்" என்றார். தெரியும் ஐயா என்றேன். என் தம்பி எழுதியிருந்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து களி கிண்டிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன்.

ஏன் அவனை அனுப்பினாய் என்று நான் கேட்கவில்லை. இனி அந்த வரியும் வேண்டாம்.

லூவினா

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
10 ஜூலை 1964

மதிப்புக்குரிய லூவினா அக்காவுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் மார்வா. செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்தவள். இங்கே மருத்துவமனையில் வேலை. போன ஜனவரியில் உங்கள் தம்பிக்கும் எனக்கும் திருமணம் நடந்தது. செப்டம்பரில் குழந்தை பிறக்கும். இதை முதலில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் நான் இல்லை. அவர் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்தால் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் நின்றுகொண்டே படிப்பார். அன்று இரவு சாப்பிட மாட்டார். ஜூன் மாதக் கடிதம் வந்தபோது நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"என்னதான் எழுதுறாங்க உங்க வீட்டுல?"

"ஒண்ணுமில்ல. மாட்டு விஷயம்."

"மாட்டுக்கா மனுசன் அழுவான்?"

அப்புறம்தான் எல்லாம் வந்தது. நாங்கள் இங்கே ஒரு வீடு வாங்கப் பார்க்கிறோம் அக்கா. முன்பணம் கொஞ்சம் குறைந்தது. ஊரில் தனக்கு ஒரு பசு இருக்கிறது, நண்பன் விற்றுத் தருவான் என்றார். அதை வளர்த்தது நீங்கள் என்றோ, அவர் வருவார் என்று நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்றோ எனக்குத் தெரியாது. உங்களைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதெல்லாம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருக்கிறது என்பதுதான்.

இன்று காலை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சத்தியப் பிரமாணம் வாங்குகிற அதிகாரி முன்னால் நிறுத்தினேன். வாங்கிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். பசுவை விற்கச் சொல்லி யூரியாஸுக்கு எழுதியது தான்தான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். நானும் ஒரு ஆளைப் பிடித்து ஒப்படைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட் நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நேரில் பார்த்திராத உங்களுக்கு என் வணக்கம்.

மார்வா

*

ஹார்வி வேல்
3 ஆகஸ்ட் 1964

அன்பு மார்வாவுக்கு,

நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஏழாம் மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் அதிகம் நிற்காதே. அவனை நிற்கச் சொல்.

உன் தாள் கோர்ட்டுக்குப் பின்தான் வந்தது. ஆனாலும் வீண் போகவில்லை. வழக்கு தள்ளுபடியானாலும் கேப்டன் இறங்கிவரவில்லை. தள்ளுபடி என்றால் சாட்சி கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று பேசிக்கொண்டிருந்தார். தாள் வந்த மறுநாள் யூரியாஸ் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"செயின்ட் ஜார்ஜஸ்ல ஒரு வக்கீலப் பாத்தேன்க்கா. கேஸ் போட்டா ஜெயிக்கலாமாம். மேட்டு நிலம் வரைக்கும் கெடைக்கும்கிறாரு."

"போடு. தப்பு என்னோடது. நான் வக்கீல் வைக்கப் போறதில்ல."

"போடலாம்னுதான் இருந்தேன். ஈனாவும் போடுங்கிறா." கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "அன்னைக்குத் துறையில அந்தத் துடுப்பு எம்மண்டைல விழுந்திருந்தா இன்னைக்கு நான் பேசிட்டு நிக்க மாட்டேன். என்னத் திருடன்னு நெனச்சுக்கிட்டேதான் நீங்க குறுக்க நின்னீங்க. அதயே நெனச்சிட்டிருக்கேன்."

"அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு சொல்றியா?"

"சரியாப் போகல. ரெண்டு ராத்திரி லாக்கப்புல இருந்தேன், நாலு மாசம் மண்ணு கொத்தினேன். அது சரியாப் போகாது. ஆனா கேஸ் போட்டாலும் அது சரியாப் போகாதுக்கா. நீங்க கேப்டன்கிட்ட வந்து சொல்லணும். தாள மட்டும் குடுத்தனுப்பக் கூடாது. நீங்களே வந்து வாயால சொல்லணும்."

போனேன். மீன்காரிகள், மூட்டைக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன். நான் பிடித்த ஆள் திருடன் இல்லை, என் தம்பி அனுப்பித்தான் போனான், தப்பு என்னுடையது என்று. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனால் முடித்துவிட்டேன். கேப்டன் தாளைப் படித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை காலைல வந்துடு" என்று யூரியாஸிடம் சொன்னார்.

உன் புருஷன் குழந்தையில் பால் கொடுத்தால் கக்குவான். பிள்ளையும் அப்படி இருந்தால் பயப்படாதே, தோளில் போட்டு நிமிர்த்திப் பிடி.

உனக்கு என் ஆசீர்வாதம். அவனுக்கு நான் தனியாக எழுதுகிறேன். எப்போது என்று தெரியவில்லை.

லூவினா

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
27 செப்டம்பர் 1964

அக்கா,

பெண் பிறந்திருக்கிறாள். தாயும் மகளும் நலம். பால் கக்குகிறாள். மார்வா நீ சொன்னபடி நிமிர்த்திப் பிடிக்கிறாள்.

எத்தனையோ தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையாவது அனுப்பப் பார்க்கிறேன். யூரியாஸிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான். மாடு மேய்ச்சலில் தொலைந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய், இரண்டு நாள் தேடுவாய், பிறகு விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீ பாறைப்பக்கமெல்லாம் அந்த முழங்காலோடு தேடி ஏறுவாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

பசுவை விற்கிறேன் என்று எழுதினால், ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொன்னால், நான் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லியாக வேண்டும். புயல் வீட்டைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு நான் கப்பல் ஏறினேன், நீ தகரம் பொறுக்கி மறுபடியும் கட்டினாய். டிரினிடாடில் உனக்குத் தையல் வேலை வந்தது. அந்தச் சுங்க இலாகா ஆளும் உன்னைப் பெண் கேட்டார். அன்செல்ம் வரட்டும் என்று இரண்டையும் விட்டாய். நான் வரப்போவதில்லை என்பது எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். அதை எழுதும் தைரியம்தான் வரவில்லை.

நான் வரமாட்டேன் அக்கா. விருந்துக்கு வருவேன், இருப்பதற்கு வரமாட்டேன்.

பசுவை நீயே வைத்துக்கொள். வீடும் நிலமும் உன்னுடையவை. இங்கே வாடகை அறைகளே எங்களுக்கு இப்போதைக்குப் போதும்.

அன்செல்ம்

*

செயின்ட் ஜார்ஜஸ், கிரெனடா
15 நவம்பர் 1964

அன்புத் தம்பி அன்செல்முக்கு,

உன் மகளுக்கு அத்தையின் முத்தம். மார்வாவுக்கு என் அன்பு. உனக்கும்தான்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மாலையில் எழுந்து டச்சஸுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். அப்போது திடீரென்று, இந்த மாட்டை நான் யாருக்காக வளர்க்கிறேன் என்று தோன்றியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சிரிப்பு. மாடு திரும்பிப் பார்த்தது.

போன செவ்வாய் நானே அதைப் படகுத்துறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். யூரியாஸ் ஏற்ற வந்தவன், கயிற்றைத் தொடாமல் நின்றுகொண்டான்.

"அக்கா, இது யார் மாடு? தெரியாம நான் தொட மாட்டேன்."

"அன்செல்ம் மாடு. அவன் வித்துக்கச் சொல்லல. நான் விக்கிறேன். வேணும்னா என்னப் புடி."

"வேணாம்க்கா. புடிச்சா ஒப்படைக்கணும், எழுதணும், கோர்ட்டுக்கு வரணும். உங்க அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல."

கார்ப்பரல் பெடோ நிலைய வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

கிரெனடா வரை பசுவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு ஒத்துக்கொண்டது. நான் இந்தத் தீவில் கால் வைத்தது இதுதான் முதல் முறை என்று சொன்னால் இங்கே நம்ப மாட்டேன் என்கிறார்கள். பசுவை ஒரு நல்ல குடும்பம் வாங்கிக்கொண்டது. கிடைத்ததை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே, பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும்.

அன்றே திரும்பிவிடுவதாகத்தான் வந்தேன். துறைக்கு மேலே ஒரு தையல் கடையில் ஆள் வேண்டும் என்று பலகை தொங்கியது. உள்ளே போய் ஒரு காலர் தைத்துக் காட்டினேன். மாடியில் அறையும் தந்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் படகுகள் தெரிகின்றன. இங்கேயே இருப்பேனா, இன்னும் தெற்கே டிரினிடாடுக்குப் போவேனா, எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. மேட்டு நிலத்தை ஈனா பயிர் செய்கிறாள்.

இனி எழுதும்போது மேலே உள்ள முகவரிக்கு எழுது. நீயும் மார்வாவும் பிள்ளையோடு ஊரைப் பார்க்க வந்தால், நான் அங்கே இல்லையே என்று வாசலில் நின்றுவிட வேண்டாம். சாவி யூரியாஸிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பான்.

குளிருக்கு மார்பை மூடிக்கொள்.

உன் அக்கா
லூவினா